மெட்ச் எந்தச் சனலில்? ஒளிபரப்புக் கம்பனிகள் ஒன்றாவதும் யாழ்ப்பாண ரசிகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய தொடர் ஒன்று தொடங்கப்போகிறது என்றால் யாழ்ப்பாணத்தில் அணியில் யார் யார் என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, இந்த முறை எந்தச் சனலில் என்பதுதான். சலூனிலும் சனசமூக நிலையத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றைச் சேர்த்து, தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கம்பனி எதோடு சேர்ந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2000களின் நடுவில் கேபிள் இழுத்த வீடு என்றால் ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ், டென் ஸ்போர்ட்ஸ், சற்றுப் பிந்தி நியோ ஸ்போர்ட்ஸ் என்று ரிமோட்டில் அடுத்தடுத்து வந்தது நினைவிருக்கும். ஈஎஸ்பிஎன்னும் ஸ்டாரும் அப்போதே கூட்டாளிகள். 2012இல் ஈஎஸ்பிஎன் தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. 2002இல் துபாயிலிருந்து தொடங்கிய டென் ஸ்போர்ட்ஸ் முதலில் ஜீயின் கைக்குப் போனது. பிறகு 2016இல் 38.5 கோடி டொலருக்குச் சோனி வாங்கியது. ஸ்டாரை 2019இல் டிஸ்னி எடுத்தது. 2024 நவம்பர் 14ஆம் திகதி ரிலையன்சின் வயாகொம்18உம் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனது. அந்தக் கூட்டின் மதிப்பு 70,352 கோடி இந்திய ரூபா. 2025 பெப்ரவரி 14இல் ஜியோசினிமா, ஹொட்ஸ்டார் என்ற இரண்டு செயலிகளும் ஜியோஹொட்ஸ்டார் என்ற ஒன்றாகின.

இடையில் சோனியும் ஜீயும் சேர்வதாக 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, 2024 ஜனவரியில் முறித்துக்கொண்டன. அதுவும் கைகூடியிருந்தால் கதை இன்னும் சுருங்கியிருக்கும். இப்போதைக்குக் கிரிக்கெட் என்று பார்த்தால் மிச்சம் இருக்கும் பெரிய கடைகள் இரண்டு: ஜியோஸ்டார், சோனி.

கம்பனிகள் சேர்வது அவர்கள் வியாபாரம். ரசிகருக்கு ஏன் கோபம்?

2022இல் நடந்த ஐபிஎல் ஏலத்தைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரையான ஐந்து பருவங்களுக்கு மொத்தம் 48,390 கோடி இந்திய ரூபா. தொலைக்காட்சி உரிமையை 23,575 கோடிக்கு ஸ்டார் எடுத்தது. இணைய உரிமையை 23,758 கோடிக்கு வயாகொம்18 எடுத்தது. அதாவது ஒரே ஆட்டத்தை இரண்டு எதிரிகள் காட்டினார்கள். எதிரிகள் என்பதால் என்ன நடந்தது? 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா ஒரு சதம் வாங்காமல் காட்டியது. அதைப் பார்த்த ஹொட்ஸ்டார் அதே ஆண்டு ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் கைபேசியில் இலவசமாக்கியது. அந்த நவம்பர் 19ஆம் திகதி இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஹொட்ஸ்டாரில் பார்த்தார்கள்.

அந்த இலவசம் சனத்தின் மேல் இருந்த அன்பால் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரன் இலவசமாகக் கொடுக்கிறான் என்ற பயத்தால் வந்தது. இரண்டு கடையும் ஒருவருடையதானதும் பயம் போனது, இலவசமும் போனது. 2025 ஐபிஎல்லில் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டுப் பிறகு சந்தா கேட்டார்கள், அல்லது ஜியோவின் குறிப்பிட்ட ரீசார்ஜ் போட்டிருக்க வேண்டும். இந்திய ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் இதுதான். தொகை பெரிது என்று சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு 149 இந்திய ரூபாவில் ஒரு திட்டம் இருந்தது. ஆனால் நேற்று வரை சும்மா கிடைத்ததற்கு இன்று காசு கேட்டால் யாருக்கும் சுள்ளென்று வரும். நாளை 149 என்பது 249 ஆனால் வேறு எங்கே போவது என்பது அதற்கு அடுத்த கோபம். எனக்கு இரண்டாவதுதான் நியாயமானதாகப் படுகிறது.

அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தது?

இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஓகஸ்ட்டில் நிபந்தனைகளோடுதான் அனுமதித்தது. சில சனல்களை விற்க வேண்டும், ஐபிஎல் ஆட்டங்களின் விளம்பர நேரத்தையும் ஐசிசி ஆட்டங்களின் விளம்பர நேரத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கக் கூடாது, விளம்பரக் கட்டணத்தை அநியாயமாக ஏற்றக் கூடாது. கவனித்தீர்களா? சோப்பு விற்கும் கம்பனிக்கும் சிமெந்து விற்கும் கம்பனிக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. ஆட்டம் பார்க்கிறவனின் பெயர் அந்த நிபந்தனைகளில் பெரிதாக இல்லை.

இதெல்லாம் இந்தியாவின் கதை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஐபிஎல் ஏலத்தில் தொலைக்காட்சி, இணையம் என்ற முதல் இரண்டு பொதிகளும் துணைக்கண்டத்துக்கானவை. காகிதத்தில் பருத்தித்துறையும் அதற்குள் வந்துவிடும். ஆனால் செயலியைத் திறந்தால் எல்லை இராமேஸ்வரத்தோடு முடிந்துவிடுகிறது. இந்தியக் கைபேசி எண் கேட்கும், இந்தியாவில் காசு கட்டும் வழி கேட்கும். ஆக, உரிமையை விற்கும்போது நாங்கள் கணக்கில் இருக்கிறோம், காட்டும்போது கணக்கில் இல்லை. 2023இல் இந்தியாவே இலவசமாகப் பார்த்தபோது இங்கே அது கிடைக்கவில்லை. அதனால் இலவசம் போன கவலையும் இங்கே அவ்வளவு இல்லை. இழப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே.

இங்கே ஆட்டம் வருவது வேறு பாதைகளால். கூரையில் இந்திய டிஷ் வைத்த வீடுகள் உண்டு. அதற்கு மாதம் மாதம் யாரோ ஒருவர் மூலம் ரீசார்ஜ் போட வேண்டும். இலங்கைக் கட்டணச் சேவைகளான டயலொக் டிவியோ பியோ டிவியோ எடுத்த வீடுகள் உண்டு. கேபிள்காரர் தருவதைப் பார்க்கும் வீடுகள் உண்டு. இளம் பெடியள் பலருக்குத் தொலைக்காட்சியே இல்லை, போன் மட்டும்தான். இந்த நான்கு பாதையிலும் கடைசியில் வருவது அதே இரண்டு கடையின் சரக்கு. அந்தக் கம்பனிகள் இருக்கும் மும்பையில் ஒரு சனலின் பெயரை மாற்றினால், பொதியைப் பிரித்தால், ஒன்றை மூடினால், இங்கே ஒருநாள் காலையில் அந்த இலக்கத்தில் நீலத் திரைதான் இருக்கும். கேபிள்காரருக்குப் போன் போட்டால் அவருக்கும் தெரியாது. யாழ்ப்பாண ரசிகரின் எரிச்சலில் பாதி இதுதான். விலை ஏறியது கூடப் பிறகுதான், முதல் கோபம் யாரும் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்பதில்.

ஓர் உதாரணம். 2024 மே 8ஆம் திகதி யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் முதல் தடவை பந்து வீசினார். ஊரே பார்க்க விரும்பிய ஆட்டம். இந்திய டிஷ் இருந்த வீடுகளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் வந்தது. இல்லாதவர்கள் அது இருக்கும் வீடு தேடினார்கள், அல்லது ஸ்கோர் காட்டும் செயலியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். (ஹைதராபாத் 166 ஓட்ட இலக்கைப் பத்து ஓவருக்குள் விக்கெட் இழக்காமல் அடித்து முடித்தது வேறு கதை. ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் ஆடிய அந்த ஆட்டத்தில் நம்ம பெடியனைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.)

இந்திய டிஷ் வைப்பது சட்டப்படி சரியா?

இந்தியாவில் விற்கும் சந்தா இந்தியாவில் இருக்கும் வீட்டுக்கானது. இங்கே கூரையில் ஏற்றினால் வேலை செய்யும், ஏனென்றால் செய்மதிக் கதிர் கடலைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. ஆனால் ஏதாவது பழுதானால் முறையிட ஒரு இடமும் உங்களுக்கு இருக்காது. ரீசார்ஜ் காசு வாங்கியவர் போன் எடுக்காவிட்டால் அதோடு கதை முடிந்தது.

இலங்கைக்குள் இந்தச் சேர்க்கை நடக்கவில்லையா?

நடந்தது, ஆனால் சனல் பெயரில் நடக்காததால் கண்ணில் படவில்லை. 2018இல் கையில் போன் வைத்திருந்தவருக்கு டயலொக், மொபிட்டல், எடிசலாட், ஹட்ச், ஏயார்டெல் என்று ஐந்து தெரிவு. அந்த ஆண்டு எடிசலாட்டை ஹட்ச் எடுத்தது. 2024 ஜூனில் ஏயார்டெல் லங்கா டயலொக்கோடு கலந்தது, பதிலுக்கு பாரதி ஏயார்டெலுக்கு டயலொக்கில் 10.355 சதவீதப் பங்கு. இப்போது மூன்றுதான். அதில் டயலொக்கிடம் டிஷ் சேவையும் இருக்கிறது, எஸ்எல்டி-மொபிட்டலிடம் பியோ டிவி இருக்கிறது. சனலும் டேட்டாவும் ஒரே பில்லில் வந்து நிற்கின்றன. போனில் மெட்ச் பார்க்கிறவனுக்கு டேட்டா விலைதான் டிக்கெட் விலை என்பதால் இதையும் ஒளிபரப்புக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

இதற்கு முன்னாலும் ஒரு கதை உண்டு. 2011இல் சிஎஸ்என் என்று ஒரு தனியார் விளையாட்டுச் சனல் வந்து இலங்கைக் கிரிக்கெட் அந்தப் பக்கம் போனது. 2015இல் ஆட்சி மாறியபின் அதன் அனுமதிப்பத்திரம் இரத்தானது. ரூபவாஹினியின் சனல் ஐயில் பார்த்துப் பழகியவர்கள் அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், இப்ப எந்தச் சனலில் என்று. கம்பனிகள் ஒன்றாகித்தான் ரசிகர் அலைய வேண்டும் என்றில்லை, ஒரு சனலுக்கு ஆட்சியாளரிடம் செல்வாக்கு இருந்தாலே போதும்.

2022ஐயும் மறக்கக் கூடாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன ஆண்டு. ஒளிபரப்பு உரிமையும் சனல் கட்டணமும் டொலரில் பேசப்படுபவை. போதாததற்கு அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, ஐபிஎல்லும் அப்போதுதான் தொடங்கியது. போனில் சார்ஜ் இருக்கிற பெடியன் வீட்டு முற்றத்தில் கூட்டம்.

இலங்கை அணியின் ஆட்டத்தைக் கூட ஏன் இந்தியச் சனலில் பார்க்க வேண்டியிருக்கிறது?

காசு அங்கே இருப்பதால். இலங்கை மண்ணில் நடக்கும் தொடர்களின் உரிமையை வாங்குகிறவர்கள் உண்மையில் வாங்குவது இந்திய அணி இங்கே வரும் சில வாரங்களை. 2021இலும் 2024இலும் இந்தியா வந்தபோது இந்தியாவுக்குக் காட்டியது சோனி. மற்ற அணிகள் வரும் தொடர்கள் அந்தப் பொதிக்குள் சேர்த்துக் கொடுக்கப்படுபவை. ஆசியக் கிண்ண உரிமையையும் 2024 முதல் 2031 வரைக்குமாகச் சோனிதான் 17 கோடி டொலருக்கு எடுத்தது. வாங்குகிறவர் எண்ணிக்கை குறைந்தால் முதலில் அடிபடுவது இப்படியான நடுத்தர வாரியங்கள். இந்திய வாரியத்தைப் போலக் கேட்ட விலையில் பிடிவாதமாக நிற்க இலங்கை வாரியத்தால் முடியாது. ரசிகர் வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத விஷயம் இது, ஆனால் கடைசியில் பயிற்சி மைதானத்துக்கும் மாவட்ட அணிக்கும் வரும் காசு இதிலிருந்துதான் வருகிறது.

முக்கியமான ஆட்டங்களை இலவசமாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் எங்கேயும் இல்லையா?

இந்தியாவில் இருக்கிறது. 1993இல் யாருக்கு ஒளிபரப்பு உரிமை என்பதில் கிரிக்கெட் வாரியத்துக்கும் தூரதர்ஷனுக்கும் பெரிய வழக்கு. அந்தக் காலத்தில் ஆட்டத்தைக் காட்ட வாரியம்தான் தூரதர்ஷனுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்றைய பெடியள் நம்பமாட்டார்கள். 1995 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தனியார் உரிமை விற்பனைக்குக் கதவு திறந்ததும் அந்தத் தீர்ப்புத்தான். 2007இல் இன்னொரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் கம்பனி, தூரதர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், தொலைக்காட்சி விளம்பர வருமானத்தைக் கம்பனிக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்று பிரிக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் இதில் எங்கே வருகிறது? 1980களில் உயரக் கம்பத்தில் அன்ரனா கட்டி, கொடைக்கானல் பக்கம் திருப்பித் திருப்பித் தூரதர்ஷன் பிடித்த ஊர் இது. ஒருவர் கம்பத்தைப் பிடிக்க இன்னொருவர் உள்ளே இருந்து "சரி, சரி, விடாதே" என்று கத்துவார். டிஷ் வந்தபிறகும் இந்தியா ஆடும் ஆட்டங்கள் டிடி சனலில் கிடைத்தன. 2017 ஓகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: பகிரப்படும் சிக்னலைத் தூரதர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த இலவச டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், தனியார் டிஷ்ஷிலும் கேபிளிலும் ஓடும் டிடி சனலில் காட்ட முடியாது. அதோடு தனியார் டிஷ் வைத்த வீடுகளில் டிடி போட்டால் ஆட்டத்துக்குப் பதில் வேறு நிகழ்ச்சி. ஏன் என்று இங்கே பலருக்கு இன்றுவரை தெரியாது. டிஷ்காரரைத்தான் ஏசினார்கள், பாவம்.

இங்கிலாந்தில் கட்டாயம் இலவசமாகக் காட்ட வேண்டிய போட்டிகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் அந்நாட்டு டெஸ்ட் ஆட்டங்கள் அதில் இல்லை. 2005 ஆஷஸ் தொடரைச் சனல் 4இல் நாடே பார்த்தது, அடுத்த ஆண்டிலிருந்து எல்லாம் ஸ்கையில் காசுக்கு. லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் இதை இன்றும் சொல்லிப் புலம்புவார்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எங்களுக்கும் நல்லதுதானே?

ஒரு பக்கம் உண்மை. ஐபிஎல்லும் ஐசிசி போட்டிகளும் ஒரு பக்கம், ஆசியக் கிண்ணம் மறுபக்கம் என்று கிடக்கும்போது இரண்டு சந்தா கட்டிக் களைத்தவன், ஒன்றாகித் தொலையட்டும் என்றுதான் சொல்வான். எரிச்சல் பிரிந்து கிடப்பதிலும் உண்டு, சேர்வதிலும் உண்டு. ரசிகர்கள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார்கள் என்று சிலர் நக்கலடிப்பார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. ஒரு ரிமோட், ஒரு பில் வேண்டும், ஆனால் அந்தப் பில்லை எழுதுகிறவனுக்குப் போட்டியும் வேண்டும். கேட்பது அதிகம்தான், தப்பில்லை.

அமெரிக்காவில் இதையே செய்து பார்த்தார்கள். டிஸ்னி, ஃபொக்ஸ், வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி மூன்றும் சேர்ந்து வெனு என்று ஒரு விளையாட்டுச் செயலியை 2024 பெப்ரவரியில் அறிவித்தன, மாதம் 42.99 டொலர். ஃபூபோ என்ற சிறிய கம்பனி வழக்குப் போட்டு ஓகஸ்ட்டில் தடை வாங்கியது. 2025 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அதே மாதம் வழக்குப் போட்ட ஃபூபோவின் 70 சதவீதத்தை டிஸ்னி எடுக்க ஒப்பந்தம் ஆனது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ரசிகர்கள் எதிர்த்து எங்கேயாவது வென்றிருக்கிறார்களா?

வென்றிருக்கிறார்கள். இரண்டு கதை போதும்.

ஜேர்மனியில் 2023 டிசம்பரில் உதைபந்தாட்ட லீக் தன் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுத்து ஏறத்தாழ 100 கோடி யூரோ வாங்க முடிவெடுத்தது. அதன்பின் வந்த வாரங்களில் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சொக்லேட் காசுகளும் வந்து விழுந்தன. ரிமோட்டில் ஓடும் விளையாட்டுக் கார்களைக் கூட உள்ளே விட்டார்கள். ஆட்டம் நிற்கும், பொறுக்குவார்கள், தொடங்கும், மறுபடி விழும். ஒளிபரப்பு உரிமையை விற்கப் போனவர்களால் ஒளிபரப்பைத்தான் ஒழுங்காக நடத்த முடியவில்லை. 2024 பெப்ரவரி 21ஆம் திகதி பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 2020 ஒக்டோபரில், கொரோனாவால் மைதானம் பூட்டிக் கிடந்த நேரம், சில பிரீமியர் லீக் ஆட்டங்களுக்குத் தனித்தனியே 14.95 பவுண் கேட்டார்கள். ரசிகர்கள் அந்தக் காசை எடுத்துத் தங்கள் ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். நியூகாசில் ஆட்கள் தொடங்கியது, மற்றக் கழகங்களுக்கும் பரவியது. அடுத்த மாதமே அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள்.

அப்படியானால் இங்கே ஏன் அப்படி ஒன்று நடப்பதில்லை?

ஜேர்மனியில் கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்று விதி. மைதானத்தில் பந்து எறிகிறவன் கழகத்தின் உறுப்பினன். இங்கே லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு அணி இருக்கிறது. 2020இல் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரிலும், 2021, 2022, 2024இல் கிங்ஸ் என்ற பெயரிலும் கிண்ணம் எடுத்தது. ஆனால் அதன் ஆட்டம் ஒன்றுகூட யாழ்ப்பாணத்துத் துரையப்பா மைதானத்தில் நடந்ததில்லை, கழகத்தில் எங்களுக்கு ஒரு வாக்கும் இல்லை. எறிவதென்றால் எங்கே எறிவது? சந்தா கட்டுவதும் கட்டாமல் விடுவதும் மட்டும்தான் கையில் இருக்கிறது. கட்டாமல் விட்டாலும் மும்பையின் கணக்கில் நாங்கள் முதலிலேயே இல்லாதவர்கள்.

கோபம் வரும் வழியும் சில நேரம் வேறு. 2023 செப்டெம்பர் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்ட அன்று சந்தா விலை பற்றி யாரும் பேசவில்லை. இந்தியப் பந்து வீச்சாளர் சிராஜை ஏசுவதா எங்கள் ஆட்களை ஏசுவதா என்பதே பிரச்சினை.

தமிழ் வர்ணனை?

ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் 2017இல் வந்தது. சோனி 2021இல் டென் 4ஐத் தமிழுக்கும் தெலுங்குக்குமாகத் திறந்தது. ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் ஆர்.ஜே. பாலாஜியும் பேசும் தமிழ் சென்னைத் தமிழ். இங்கே வயதானவர்களில் சிலருக்கு அது ஒத்துவராது, இது வர்ணனையா அரட்டையா என்பார்கள். அவர்கள் காதில் இருப்பது வானொலித் தமிழ். சேப்பாக்க டெஸ்ட்டை அப்துல் ஜப்பார் போன்றவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். 1990களில் கரண்ட் இல்லை, பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். சுற்றுகிறவர் களைத்தால் வர்ணனையாளரின் குரலும் இழுபடும். முக்கியமான ஓவரில் ஆள் மாற்றக் கூடாது என்று சண்டை வரும். அந்த அலைக்கு உரிமைப் பொதியும் இல்லை, எல்லையும் இல்லை.

இன்றைய பெடியளுக்குப் பாலாஜியின் பகிடிதான் பிடிக்கும், அதில் தப்பும் இல்லை. கவலை வேறு. இந்தத் தமிழ் ஒலி தமிழ்நாட்டுச் சந்தையை நம்பி நடப்பது. ஐபிஎல்லுக்கு உண்டு, சென்னை ஆடும் நாளில் நிச்சயம் உண்டு. இலங்கையும் சிம்பாப்வேயும் ஆடும் தொடருக்கு யார் தமிழில் பேசப் போகிறார்கள்? இரண்டு கம்பனி போட்டி போட்டபோது தமிழ் ஒரு ஆயுதமாக இருந்தது. ஒருவரே மிஞ்சினால் அது வெறும் செலவுக் கணக்கு.

லண்டன், கனடா ஆட்களுக்கு ஏன் எங்களுக்கு முன்னால் தெரிகிறது?

இணைய ஒளிபரப்பு செய்மதியைவிடப் பிந்தும், செயலிக்குச் செயலி பிந்தும் நேரமும் வேறு. அவர்கள் ஸ்கையிலோ வட அமெரிக்கக் கிரிக்கெட் சனலான வில்லோவிலோ நேரே பார்ப்பார்கள், நீங்கள் போனில் பார்ப்பீர்கள். பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே வட்ஸ்அப்பில் "போச்சு" என்று வந்துவிடும். மருந்து ஒன்றுதான்: குடும்பக் குழுவை ஆட்டம் முடியும்வரை மியூட் பண்ணுங்கள்.

ரெலிகிராமில் வரும் லிங்க்?

வேலை செய்யும், இறுதி ஓவரில் நின்றும் போகும். சூதாட்ட விளம்பரம் அடுக்கடுக்காகத் திறக்கும். கண்டதையும் அமத்தச் சொல்லும் பக்கங்களில் வங்கிச் செயலி இருக்கும் போனைத் திறக்காதீர்கள். தார்மீகம் பேச நான் வரவில்லை. காசு கட்ட ஆயத்தமாக இருப்பவனுக்கே நேர்வழியைப் பூட்டி வைத்துவிட்டு, கள்ளவழியைக் குற்றம் சொல்வது எடுபடாது.

சனசமூக நிலையத்தில் பெரிய திரை போட்டுக் காட்டலாமா?

ஊருக்கு ஊர் நடப்பதுதான், இறுதியாட்டம் என்றால் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் புரொஜெக்டர் வைக்காத இடம் குறைவு. ஆனால் வீட்டுச் சந்தா வீட்டுக்குத்தான். பொது இடத்தில் காட்ட, அதிலும் டிக்கெட் போட்டால், தனி அனுமதி வேண்டும். காட்டுவதற்கு முன்னால் சேவை தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடசாலைப் பெருஞ்சமர்களும் இப்படிக் கைமாறுமா?

யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரை இப்போது த பப்பரே போன்ற தளங்கள் நேரலையாகக் காட்டுகின்றன. தரமான கமரா, திரையில் ஸ்கோர், மறுபடி காட்டும் வசதி. ரொறன்ரோவில் விடிய எழும்பிப் பார்க்கும் பழைய மாணவருக்கு இது பெரிய வரம். அவரிடம் போய் ஏகபோகம், போட்டி என்று பேசினால் ஏறாது.

நான் பார்க்கச் சொல்வது ஒப்பந்தத்தை. இன்று வேலியோரம் நின்று ஒரு பழைய மாணவர் போனில் நேரலை போடுகிறார், பப்பரே வாத்தியம் ஒரு பக்கம் காதைப் பிளக்க, அவர் தன் பாட்டில் கிழங்கட்டைகளைப் பற்றியும் பழைய ஆட்டங்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டு இருப்பார். அதற்குத் தனிச் சுவை. முழு உரிமையும் ஒருவருக்கே என்று எழுதிக் கொடுத்தால் அவரை நிறுத்தச் சொல்லலாம். பதிவுகள் யாருக்குச் சொந்தம், பத்து வருடம் கழித்து ஒரு கல்லூரி தன் மாணவனின் சதத்தைப் போட்டுப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. இந்துக்களின் சமர், பொன் அணிகளின் சமர் நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்விதான். இங்கேயாவது பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதில் கையுயர்த்த ஆளுக்கொரு கை இருக்கிறது.

அடுத்து எப்போது மாற்றம் வரும்?

ஐபிஎல் உரிமை 2027 பருவத்தோடு முடிகிறது. இந்தியாவுக்கான ஐசிசி உரிமையும் 2027 வரைதான், இரண்டும் இப்போது ஜியோஸ்டார் கையில். 2022 ஏலத்தில் ஒருவருக்கு எதிராக ஒருவர் விலை கேட்ட இரண்டு கம்பனிகளும் அடுத்த ஏலத்தில் மேசையின் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். எதிரே சோனி வருமா, வெளிநாட்டுச் செயலி ஏதாவது வருமா என்பதைப் பொறுத்துத்தான் விலை. பொதி எப்படி மாறினாலும் பழைய சந்தாவை மிச்ச மாதத்துக்குத் திருப்பித் தரும் வழக்கம் இங்கே இல்லை. ஆகவே ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு தருகிறோம் என்று யாராவது வந்தால், மாதக் கட்டணமே கட்டுங்கள்.